நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க

சட்டை நல்லா இருக்குதுன்னு சொன்னீங்க பாருங்க தம்பி, அதுக்குத்தான் நான் இந்தப் பக்கம் திரும்பி உக்காந்தது. கண்டக்டரும் அதையேதான் சொன்னான். "என்னுங்கய்யா, மாப்பிள்ளையாட்டம் கெளம்பீட்டீங்க"ன்னு. நல்ல சட்டைதான். துணியும் நல்ல துணி. ஆனா இது எதுக்கு வந்த சட்டைன்னு தெரிஞ்சா நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க.

தம்பிக்கு எது வரைக்கும்? ஈரோடுங்களா. நானும் ஈரோடுதான். அப்ப நேரம் கெடக்குது. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க, நீங்க வெவசாய ஆபீசுல வேலை பாக்கறவரு இல்லீங்களே? கழுத்துல அட்டை தொங்குது, அதனால கேக்கறேன். செல்போன் கம்பெனியா? அப்பச் சரி. அப்பச் சொல்லலாம்.

என்ற பேரு சென்னியப்பன். சத்தியமங்கலத்துக்கு அக்கட்டால நம்ம தோட்டம். பாருங்க, நம்ம தோட்டம்னுதான் இன்னும் வாயில வருது. என்ற பையன் தோட்டம்னு சொல்லோணும். இப்ப அது அவம் பேர்ல இருக்குது. பையன் பேரு திருமூர்த்தி. ஒரே பையன். பெங்களூர்ல கம்பெனி வேலைக்குப் போனான், புடிக்கலைன்னு வந்துட்டான். வந்தது சந்தோசந்தான். யாரு வேண்டாம்னா? வந்தவன் என்ற பின்னால நின்னிருக்கோணும். அதான் மொறை.

கவர்மெண்டுல ஒரு திட்டம் கொண்டாந்தாங்க. எளவட்டப் பசங்க எவனும் பண்ணயத்துக்கு வாரதில்லையாம், அல்லாரும் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் ஓடிப்போறாங்களாம். அதனால வாரவனுக்கு வருசா வருசம் பணம் குடுக்கறாங்களாம். எதுக்குப் பணம்? பண்ணயம் பண்றதுக்கு. கேட்டுக்கோங்க. நான் நடக்கத் தெரிஞ்சதுல இருந்து பண்ணயம் பண்றேன். எவனும் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. என்ற பையன் மேல எனக்கென்ன பொறாமை? ஞாயத்தச் சொல்றேன்.

அந்தத் திட்டத்துக்குச் சட்டதிட்டம் இருக்குதுங்களே, அதக் கேட்டாச் சிரிப்பீங்க. வயசு நாப்பதத் தாண்டப்படாது. பூமி அவம் பேர்ல இருக்கோணும். மாசச் சம்பளத்துக்குப் போகப்படாது. பண்ணயத்துக்குப் புதுசா வந்தவனா இருக்கோணும். புதுசா! அதாவது ஒண்ணுந் தெரியாதவனா இருந்தாப் பணம் உண்டு, தெரிஞ்சவனா இருந்தா இல்ல. கடைசியா ஒண்ணு போட்டிருக்கறாங்க பாருங்க. தோட்டத்துல முடிவெடுக்கறது அவனா இருக்கோணுமாம். பேருக்குப் பையன், பின்னால இருந்து ஓட்டறது அப்பன்னு இருக்கப்படாதாம். இந்தக் கடைசி ஒண்ணுலதான் நான் மாட்டிக்கிட்டேன்.

நாப்பது வயசுல நான் என்ன பண்ணீட்டு இருந்தேன் தெரியுங்களா? என்னப் பெத்த எங்கய்யன் பின்னால மம்பட்டியத் தூக்கீட்டு நடந்தேன். எங்கய்யன் இருக்கற வரைக்கும் எந்த மடையத் தொறக்கறது, எதை நடறது, எந்த யாவாரிக்குப் போடறது, அல்லாம் அவருதான். ஒருக்கா, இந்த மூர்த்தி பொறந்ததுக்கப்பறம், வாய்க்கா ஓரத்துல அவரக் கேக்காம கொஞ்சம் தக்காளி நட்டேன். காலையில வந்து பாத்தாரு. ஒரு வார்த்தை பேசல. ஒவ்வொண்ணாப் புடுங்கி எருமைக்குப் போட்டாரு. நான் மாடு கட்டற கட்டுத்தரையில நின்னு பாத்துட்டு இருந்தேன். துளசிமணியும் பாத்துட்டு இருந்தா. துளசிமணி என்ற ஊட்டுக்காரி. அன்னைக்கு அவ சிரிச்சாளா அழுதாளான்னு இன்னும் எனக்குத் தெரியாது.

எங்கய்யன் போய்ச் சேந்தப்ப எனக்கு நாப்பத்தெட்டு. கவர்மெண்டுக் கணக்குல பாத்தா நான் எளம் உழவனா ஒரு நாள்கூட இருந்ததில்லீங்க. எளமையில இருந்தப்ப பண்ணயம் கையில இல்ல. பண்ணயம் கைக்கு வந்தப்ப தலை நரைச்சுப்போச்சு. அப்பறம் கொஞ்ச வருசம் நான் சொன்னதுதான் வெள்ளாமை. அதுலயும் பாதி வருசம் மழை இல்லாமப் போச்சு. சரி, இனியாவது நிம்மதியாப் பெரியதனம் பண்ணலாம்னு உக்காந்தா, இவன் பெங்களூர்ல இருந்து பைய மாட்டிக்கிட்டு வந்து நிக்கறான், இவனுக்குக் கவர்மெண்டு பணமும் குடுக்குது.

இல்லீங்க, ஞாயத்தத்தான் சொல்றேன்.

"பூமிய என்ற பேருக்கு மாத்திக் குடுங்கப்பா, அப்பத்தான் மனுப் போட முடியும்"னு கேட்டான். துளசிமணியும் "இன்னைக்கில்லாட்டி நாளைக்கு அவனுக்குத்தான போகுது"ன்னா. நானும் ரோசனை பண்ணினேன். பேப்பர்ல அவன் இருந்துட்டுப் போறான், வரப்புல நான்தான நிக்கப்போறேன்? பணம் ஊட்டுக்குத்தான வருது? ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயி செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்துட்டேன். வெளிய வந்து ஆளுக்கு ஒரு எளநி குடிச்சோம். எளநிக்காரன் மிச்சக் காச அவங்கிட்டக் குடுத்தான். நான்தான் நோட்ட நீட்டினது. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துது.

அந்த வருசம் மஞ்சள் போடோணும். எங்கய்யன் காலத்துல இருந்து மஞ்சள் போட்ட பூமி. இவன் வந்து, "மஞ்சள் வேண்டாங்கப்பா, தண்ணி பத்தாது, சம்பங்கி போடறேன். சத்தியில பூ மார்க்கெட் பக்கத்துலயே இருக்குது"ன்னான். கேட்டான்னு நெனச்சுக்காதீங்க. சொன்னான். கேக்கறது வேற, சொல்றது வேற. நான் முடியாதுன்னேன். சரிங்கப்பான்னான். மறுநாள் டிராக்டர் வந்து நிக்குது.

கோவம் வராம இருக்குமா? அவன் சத்திக்குப் போயிருந்த நேரம் பாத்து, பழைய மடையத் தொறந்து வாய்க்காத் தண்ணியச் சம்பங்கிக் காட்டுக்குள்ள உட்டேன். சொட்டுநீருக்கு நட்ட செடி அது. ரெண்டு பாத்தி அழுகிப்போச்சு. மூர்த்தி வந்து பாத்தான். ஒரு வார்த்தை பேசல. அழுகினதப் புடுங்கிப் போட்டு வேற கெழங்கு வாங்கியாந்து நட்டான். அவ்வளவு நெஞ்சழுத்தம். எதாவது பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன்.

அப்பறம் மோட்டார்க் கதையக் கேளுங்க. மோட்டார் போடறதும் நிறுத்தறதும் என்ற வேலை. அது ஒண்ணாவது என்ற கையில இருந்துது. இவன் என்ன பண்ணினான், போன்லயே மோட்டார் போடற மாதிரி ஒரு பொட்டிய வாங்கியாந்து மாட்டிப்போட்டான். நான் கெணத்து மேட்டுக்குப் போயி நிறுத்தீட்டு வாரேன், நாலடி எடுத்து வெக்கலீங்க, அதுபாட்டுக்கு ஓடுது. மறுக்காப் போயி நிறுத்தறேன். மறுக்கா ஓடுது. அவன் சத்தியில டீக்கடையில உக்காந்துட்டு அங்கிருந்து போடறான். எனக்கு என்ற மோட்டாரே என்னப் பாத்து நக்கல் பண்ற மாதிரி இருந்துது.

கேட்டுல ஒரு தகரப் பலகை. "திருமூர்த்தி மலர்ப் பண்ணை"ன்னு. அந்தப் பேர வெச்சது நான். திருமூர்த்தி மலைக்கு மொட்டை போட வேண்டிக்கிட்டுப் பொறந்தவன். இப்ப எவன் வந்தாலும் "மூர்த்தி இருக்கறானுங்களா?"ன்னுதான் கேக்கறான். நான் கண்ணு முன்னால நிக்கறேன். "அவங்கப்பா நான் இருக்கறேன், என்ன விசயம்?"னு கேட்டா, "பரவால்லீங்க, நான் போன்ல பேசிக்கறேன்"னு போறான். ஊட்டுல கோழி அடிச்சா ஈரல் என்ற தட்டுக்குத்தான் வரும் தம்பி, கண்ணாலமான நாள்ல இருந்து. இப்ப அது அவன் தட்டுக்குப் போகுது. துளசிமணிகிட்டக் கேட்டா, "அவன் வெயில்ல கெடக்கறான்"ங்கறா. அப்ப நான் இத்தன வருசம் நெழல்லயா கெடந்தேன்?

சரி, விசயத்துக்கு வாரேன்.

மனுப் போட்டாச்சு. ஆபீசரம்மா நேர்ல வந்து பாப்பாங்கன்னு சேதி வந்துது. பக்கத்து ஊர்ல ஒருத்தன் பையன் பேர்ல எழுதிக் குடுத்துப்போட்டு, பையன் பாட்டுக்கு மளிகைக் கடையில நிக்கறான். அந்தம்மா போயி, "தண்ணி என்னைக்கு உட்டீங்க?"ன்னு கேட்டதுக்கு, "அப்பாவக் கேக்கோணும்"னுட்டானாம். அந்த எடத்துலயே மனுவ அடிச்சுப்போட்டாங்களாம். அவ்வளவு கண்டிசன். ஒரு வார்த்தையில போயிரும்.

மூர்த்திக்குக் கண்ணுல தூக்கமில்ல. அந்தப் பணத்த நம்பித்தான் சொட்டுநீருக்குக் கடன் வாங்கியிருக்கான். அதோட இன்னொண்ணும் இருந்துது. கவுந்தப்பாடியில ஒரு எடம் பேசீட்டு இருந்தோம். பண்ணயம் பண்றவனுக்கு இந்தக் காலத்துல எங்க தம்பி பொண்ணு குடுக்கறாங்க? ஆயிரம் ஜாதகம் போயிருச்சு, திரும்பி வந்துருச்சு. இவங்க மட்டும், "கவர்மெண்டு லிஸ்ட்டுல பையன் பேரு வந்தாச் சொல்லியனுப்புங்க, மேக்கொண்டு பேசலாம்"னு நின்னாங்க. ஆக அந்தம்மா கையில அவன் பண்ணயமும் இருந்துது, கண்ணாலமும் இருந்துது.

அதுக்காக? அந்தம்மா வார அன்னைக்கு என்னையே ஊரக் காலி பண்ணச் சொல்றாங்க தம்பி. "காங்கயத்துல உங்கக்காளுக்கு மேலுக்குச் சொகமில்லையாம், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க"ன்னு துளசிமணி சொல்றா. நான் அக்காளுக்குப் போன் போட்டேன். அக்கா கடலைக்காய் பறிக்கற ஆளுங்களைச் சத்தம் போட்டுட்டு இருக்குது. "எனக்கென்னடா கேடு?"ன்னு கேக்குது. நான் போனை வெச்சுட்டு ஊட்டுக்காரியப் பாத்தேன். அவ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா.

மூர்த்தி நேராவே வந்து சொன்னான். "அப்பா, நீங்க ஊட்டுலயே இருங்க. ஆனா அந்த மேடம் வந்தா நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்கப்பா. கும்புட வேணா கும்புடுங்க." என்ற தோட்டத்துல நான் கும்புட மட்டும் செய்யலாமாம். அத நான் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டேன்.

அந்தம்மா வந்தாங்க. என்ற பையனவிடச் சின்னப் புள்ளைங்க. ஸ்கூட்டர நிறுத்தி ஹெல்மெட்டக் கழட்டி கட்டுத்தரை ஆணியில மாட்டினாங்க. மூர்த்தி பவ்யமாத் தோட்டத்தக் காட்டக் கூட்டீட்டுப் போறான், நான் பின்னாலயே போறேன். பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமியும் வந்தான். மூர்த்திக்கு ஆதரவாச் சொல்றதுக்குன்னு அவனே கூப்புட்டு வெச்ச ஆளு.

அந்தம்மா கேக்கறாங்க, இவன் சொல்றான். எத்தன கெழங்கு நட்டேன், எப்பக் களை எடுத்தேன், பூ எந்த யாவாரிக்குப் போகுது, அல்லாம். அவன் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியுது. சம்பங்கிக்கு வேப்பம் புண்ணாக்கு வெக்கச் சொன்னது யாரு? நான். கோவத்துல சொன்னேன், ஆனா சொன்னது நான்தான? என்ற பேர எடுக்கறானா? "நான் வெச்சனுங்க மேடம்"ங்கறான். நான், நான், நான். அந்த ஒரு வார்த்தைய எங்கய்யன் வாயில கேட்டிருக்கறேன், இப்ப இவன் வாயில கேக்கறேன். எனக்குச் சொல்றதுக்கு மிச்சமே வெக்கல ரெண்டு பேரும்.

அல்லாம் முடிஞ்சுது. அந்தம்மா பேனாவ மூடீட்டுச் சொல்றாங்க. "நீங்க நல்லாத்தான் சொல்றீங்க திருமூர்த்தி. ஆனா அப்பா கூடவே இருக்காரு. ரொம்ப வருசம் பண்ணயம் பாத்தவரு. அவரு சொல்லிக் குடுத்து நீங்க ஒப்பிக்கறீங்களா, இல்ல நெசமாவே நீங்கதான் முடிவெடுக்கறீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? சந்தேகம் இருந்தா நான் எழுத முடியாதுங்க." ரங்கசாமி முன்னால வந்து, "நான் சாட்சிங்க"ன்னான். "நீங்க பக்கத்துத் தோட்டம். அப்படித்தான் சொல்லுவீங்க"ன்னுட்டாங்க.

மூர்த்தி மூஞ்சி செத்துப்போச்சு. அந்தம்மா என்ற பக்கம் திரும்பினாங்க. "ஐயா, நீங்க சொல்லுங்க. இந்தத் தோட்டத்துல யாரு சொல்றது நடக்குது?"

கேட்டாங்க தம்பி. என்னக் கேட்டாங்க. அந்தத் தோட்டத்துக்குள்ள என்னையும் ஒரு ஆளா மதிச்சு ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டு எத்தன நாளாச்சு!

துளசிமணி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டா. மூர்த்தி என்னையே பாக்கறான். "நான்தான்"னு ஒத்தை வார்த்தை. சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சுது. ஆனா எனக்கு அது பத்தல. பெரியவரு ஆசையில சொல்றாருன்னு போயிருமில்லீங்களா? இவன் எப்படிப்பட்டவன், இவனுக்குப் போயிப் பணத்தக் குடுக்கறீங்களேன்னு அந்தம்மாவுக்கு நல்லா வெளங்கோணும். முழுசாச் சொல்லிப்போடலாம்னு ஆரம்பிச்சேன்.

"யாரு சொல்றதா? நல்லாக் கேட்டீங்க அம்மணி! இவன் நான் சொன்னா ஒண்ணையாவது கேக்கறானா? மஞ்சள் போடுன்னேன். டிராக்டரக் கொண்டாந்து நிறுத்தீட்டான்!"

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா?"

"தொண்டை கிழியச் சொன்னேன்!"

"சொல்லியும் சம்பங்கி போட்டாரா?"

"போட்டானே! நீங்களே பாருங்க, நிக்குதே!"

அந்தம்மா பேனாவத் தொறந்தாங்க. எழுத ஆரம்பிச்சாங்க. எனக்கு அதப் பாத்ததும் உசுரு வந்த மாதிரி ஆயிருச்சு.

"தண்ணி உடறது யாருங்கய்யா?"

"அதையேன் கேக்கறீங்க? மோட்டார்ப் பக்கம் என்னப் போகவே உடறதில்ல. நான் நிறுத்தினா இவன் போன்ல போடறான்!"

"பூ விலை பேசறது?"

"எனக்குச் சொல்றதே இல்லீங்க! யாவாரிக்கு என்ற மூஞ்சியே தெரியாது!"

"கூலியாளு?"

"இவன் வெச்ச ஆளுதான். நான் வெச்ச ஆளுங்களை மாத்திப்போட்டான். நான் ஒண்ணு சொன்னா, 'சின்னவரக் கேட்டுட்டுச் செய்யறேன்'ங்கறாங்க. ஒரு டீக் குடிக்கோணும்னாக்கூட இவங்கிட்டத்தான் கேக்கோணும். இந்தத் தோட்டத்துல எனக்கு நாய்க்கு இருக்கற மருவாதிகூட இல்லீங்க அம்மணி! எழுதிக்கோங்க!"

எழுதிக்கிட்டாங்க தம்பி. ஒண்ணு உடாம எழுதிக்கிட்டாங்க. நான் சொல்லச் சொல்ல அந்தப் புள்ள தலைய ஆட்டி ஆட்டி எழுதுது. என்ற காலத்துல நான் பேசினத ஒருத்தர் எழுதி வெச்சது அன்னைக்குத்தான். எங்கய்யன்கிட்டச் சொல்ல முடியாம கெடந்ததெல்லாங்கூட அதுல வந்துருச்சுன்னு நெனைக்கறேன். தக்காளியப் பத்திக்கூட என்னமோ சொன்னேன். அத மட்டும் அவங்க எழுதல.

"படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்கய்யா"ன்னாங்க. "படிக்கறதென்ன, சொன்னது நான்தான"ன்னு பெருசாப் போட்டேன். சென்னியப்பன்னு முழுப் பேரு. மூர்த்தி தலையக் குனிஞ்சுட்டு நிக்கறான். அன்னைக்கு அவன அப்படிப் பாத்தப்ப, மறைக்கறதுல என்ன இருக்குது, சந்தோசமா இருந்துது.

அந்தம்மா பேப்பர மடிச்சு வெச்சுட்டு, ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டு, மூர்த்தியப் பாத்துச் சிரிச்சாங்க. "இத்தனை ஊர் போயிருக்கேன். இவ்வளவு சுத்தமா ஒரு சாட்சி கெடைச்சதில்ல. அப்பாவே வாக்குமூலம் குடுத்துட்டாரு. பண்ணயம் முழுக்க முழுக்க உங்க கையிலதான் இருக்குது. நான் எழுதியனுப்பறேன், பேரு வந்துரும்"னாங்க. எனக்கு ஒரு கும்புடு போட்டாங்க. ஸ்கூட்டர் போயிருச்சு.

எனக்கு ஒண்ணுமே வெளங்கல. இவ்வளவு அயோக்கியத்தனம் பண்றான்னு சொல்றேன், அவனுக்கே குடுக்கறேன்னு போறாங்களே, இது என்ன கவர்மெண்டுன்னு நிக்கறேன். அதுக்குள்ள ரங்கசாமி என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டான். "மாமா! என்ன நடிப்பு மாமா! நாய்க்கு இருக்கற மருவாதின்னீங்க பாருங்க, எனக்கே நம்பிக்கை வந்துருச்சு!"ங்கறான். மூர்த்தி வந்து என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான். கண்ணுல தண்ணி. "அப்பா, எனக்காக உங்கள நீங்களே இவ்வளவு எறக்கிப் பேசினீங்களே"ங்கறான்.

நடிப்பாம்!

நான் என்னன்னு சொல்லுவேன்? இல்லடா, நெசமாத்தான் சொன்னேன், உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன்னு சொல்ல முடியுமா? சொன்னாலும் எவன் நம்பறான்? அதையும் நடிப்புங்கறான். பொழுதோட ஊரே வந்து பாத்துட்டுப் போகுது. பையனுக்காகத் தன்னையே தாழ்த்திக்கிட்ட மனுசன்னு பேரு. கவுந்தப்பாடியில இருந்து போன் வருது, "இப்பேர்ப்பட்ட மாமனாரு இருக்கற ஊட்டுக்குத்தான் பொண்ணு குடுக்கோணும்"னு. மூர்த்தி சத்திக்குப் போயி இந்தச் சட்டைய வாங்கியாந்தான். அன்னைக்குக் கோழி அடிச்சாங்க. ஈரல் என்ற தட்டுக்கு வந்துது. துளசிமணிதான் போட்டா. போட்டுட்டு, அவன் கை கழுவப் போனதும், மெதுவாச் சொன்னா: "அத்தனையும் நெசம்னு எனக்குத் தெரியும். சாப்புடுங்க."

சாப்புட்டேன். வேற என்ன பண்றது?

இப்ப என்ன ஆயிப்போச்சுன்னா, ஊர்ல பையன் பேர்ல மனுப் போட்ட அப்பனெல்லாம் என்னத் தேடி வாரான். "அந்தம்மா எங்க ஊட்டுக்கும் வாராங்க, எப்படித் திட்டறதுன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க"ன்னு. நானும் சொல்லிக் குடுக்கறேன். கையக் கட்டிட்டு நின்னு கேக்கறாங்க. ஆனா ஒருத்தனுக்கும் சரியா வரமாட்டேங்குது. வாய் திட்டுது, மனசு திட்ட மாட்டேங்குது. அதெல்லாம் சொல்லிக் குடுத்து வாரதுங்களா?

நேத்து மத்தியானம் சோறு திங்கறப்ப மூர்த்தி சொல்றான். "அப்பா, இது ஒரு தடவையோட முடியாதாமுங்க. வருசா வருசம் வந்து பாத்துட்டுத்தான் பணம் போடுவாங்களாம். அடுத்த வருசமும் அந்த மேடந்தான் வருவாங்க. இதே மாதிரி திட்டோணுங்கப்பா. எதையும் கொறைச்சுப்போடாதீங்க. அந்த எருமைய நான் வித்தத இந்தத் தடவை உட்டுப்போட்டீங்க. அடுத்த தடவை அதையும் சேத்துக்கோங்க."

எருமைய வித்தத உங்ககிட்டக்கூட நான் சொல்லல பாருங்க. அது என்னமோ வாயில வரமாட்டேங்குது. என்னக் கேக்காமத்தான் வித்தான். நான் சந்தைக்குப் போயிட்டு வந்து கட்டுத்தரையப் பாத்தேன், கயிறு மட்டும் கெடந்துது. அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அதையும் இப்ப அவன் சொல்லச் சொல்றான். என்ன நடறதுன்னு அவன் சொல்றான், எப்பத் தண்ணி உடறதுன்னு அவன் சொல்றான், சரி. திட்டறது ஒண்ணாவது என்ற சொந்தமா இருந்துது தம்பி. அதையும் அவன் சொல்லித்தான் நான் திட்டோணுமாம்.

அதுக்கு நான் ஒரு ரோசனை வெச்சிருக்கறேன். உங்ககிட்டச் சொல்றதுல தப்பில்ல, நீங்க செல்போன் கம்பெனி. அடுத்த வருசம் அந்தம்மா வந்து கேக்கட்டும். நான் திட்ட மாட்டேன். கோவமே படமாட்டேன். இந்தச் சட்டையவே போட்டுக்கிட்டு, நிமுந்து நின்னு, சிரிச்ச மூஞ்சியாச் சொல்லுவேன். "என்ற பையன் தங்கமான பையனுங்க. என்னக் கேக்காம ஒரு செடி நடமாட்டானுங்க." அவ்வளவுதான். அன்னைக்கோட பணம் நின்னுபோகும். திட்டினாக் குடுக்கறாங்க, பெருமையாச் சொன்னா நிறுத்தீருவாங்க. சட்டம் அப்படி.

இன்னொருக்காச் சொல்லிக் காட்டட்டுங்களா? "என்ற பையன் தங்கமான பையனுங்க. என்னக் கேக்காம ஒரு செடி நடமாட்டானுங்க." எப்படி இருக்குது? கேக்கறதுக்கு நல்லாத்தான இருக்குது?

காலையில இருந்து சொல்லிச் சொல்லிப் பாக்கறேன் தம்பி. அவனக் கவுக்கறதுக்குன்னுதான் ஆரம்பிச்சேன். சொல்றப்ப அவன் பணம் நிக்கறது எனக்கு ஞாபகத்துக்கே வரமாட்டேங்குது. இது நெசமா இருந்தா எப்படி இருக்கும், அதுதான் வருது.

இருங்க, போன் அடிக்குது. அவன்தான்.

ஆ, சொல்றா மூர்த்தி. பஸ்ஸுலதான். கவுந்தப்பாடி தாண்டிருச்சு. ஆமா. ஆமாடா. சொட்டுநீர் வால்வுதான, மறக்கல. இல்ல, வேற கடைக்கெல்லாம் போகல. நீ சொன்ன கடைதான். நீ சொன்ன கம்பெனிதான். சரி. சரி, நீ சொன்னபடியே வாங்கியாரேன்.